இருபத்தாறு அங்குல உபயம்

மறுத்தலும் ஓர் அறம். கொடுப்பவரின் புகழைப் பாடிப் பாடித் தழும்பேறிய நம் நாவு, தகாத கொடையை வேண்டாமென்று தள்ளும் நெஞ்சுரத்தைப் பாடியது மிகக் குறைவு. காரணம் எளிது, தள்ளுகின்றவரைப் பாடினால் பரிசில் தர எவரும் வருவதில்லை. அந்த அறத்தை நாள்தோறும் சம்பளத்துக்காகவும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தம் மகளுக்காகவும் செய்த ஒருவர் லண்டனின் குட்மேய்சில் என் அடுத்த வீட்டில் வாழ்கிறார். அவர் பெயர் றூபினி.

கவுன்சிலில் அவருக்கு வாகனத் தரிப்பு அதிகாரி வேலை. நிறுத்தக்கூடாத மஞ்சள் கோட்டின்மேல் நின்ற காருக்குத் தண்டச் சீட்டு ஒட்டுவது அவர் கடன். இந்தப் பக்கத்துத் தமிழர் அவரை ‘ரிக்கற் அக்கா’ என்பர். அவர் காதுபடவே சொல்வர். கோயில் தேர்த் திருவிழாவன்று பிறர் வீட்டு வாசலை மறித்து நின்ற கார் ஒன்றுக்கு அவர் சீட்டு ஒட்டியதை நான் கண்டிருக்கிறேன். பட்டு வேட்டி கட்டிய ஒருவர் ஓடி வந்தார்.

“தங்கச்சி, சாமி கும்பிடத்தானே வந்தனாங்கள்!”

“நானும் கும்பிட்டுட்டுத்தான் வந்தனான் அண்ணை. என்ர கார் வீட்டில நிக்குது.”

குரல் உயரவில்லை. முகம் கறுக்கவில்லை. சீட்டு மட்டும் கண்ணாடியில் இருந்தது.

றூபினி யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் பிறந்து, நடக்கப் பழகிய வயதில் பெற்றோருடன் சுவிசின் பீல் நகருக்குப் போனவர். அங்கே அவருடைய தகப்பனார் வேலைசெய்த உணவகத்துக்கு எதிரே ஒரு பனித்தளம் இருந்தது. பள்ளி முடிந்து தகப்பனாருக்காகக் காத்திருக்கும் பொழுதெல்லாம் கண்ணாடிக்கு இப்பால் நின்று ஐஸ் ஹொக்கி பார்ப்பார். தாம் ஒருபோதும் ஆடியதில்லை. திருமணமாகி லண்டன் வந்து, மகள் லக்‌ஷிகா பிறந்து, அந்தப் பிள்ளை ஏழு வயதில் “அம்மா, நான் வலைக்கு முன்னால நிக்கப்போறன்” என்று சொன்னபோது அவருக்கு வியப்பு உண்டாகவில்லை. கிழக்கு லண்டனில் உள்ள ஒரு பனித்தளத்துக்குக் கூட்டிச் சென்றார். கால்காப்பும் மார்புக்காப்பும் முகமூடியும் பூண்டு வலையை மறித்து நிற்கும் அந்தச் சிறுமியைக் காண நானும் சிலமுறை போயிருக்கிறேன். உடைமாற்றும் அறையிலிருந்து வரும் ஈரத்தோலும் வியர்வையும் கலந்த நாற்றத்துக்கு மூக்கைப் பொத்திக்கொள்வேன். ஆயினும் பின்னர் நான் கண்டவற்றோடு ஒப்பிட்டால் அந்த நாற்றம் கற்பூரம்.

கோல் காக்கும் பிள்ளையின் மட்டை ஏனையோர் மட்டையைப் போன்றதன்று. கீழே பனியில் படியும் அலகு. அதற்குமேல் உள்ளங்கையிலும் அகலமான ஒரு பலகை. பலகை முடியுமிடத்தில் தொடங்கும் ஒடுங்கிய பிடி. மற்ற ஆட்டக்காரரின் மட்டையை நிமிர்ந்து நின்று நாடிவரை, அதாவது முகவாய்வரை, அளந்து வாங்கலாம். காவல் நிற்கும் பிள்ளைக்கு அந்த அளவை உதவாது. பனிச்சறுக்குச் சப்பாத்தும் கால்காப்பும் அணிந்து, வழுக்கி வரும் ரப்பர் வட்டைத் தடுக்கப்போவதுபோல முழங்கால் மடித்துக் குனிய வேண்டும். அலகு முழுவதும் தரையில் படிய, பலகையின் மேல்விளிம்பைக் கை பற்றும்போது தோள் சமமாயும் முழங்கை தளர்ந்தும் இருந்தால் அதுவே உரிய மட்டை. பலகை நீண்டுவிட்டால் கை மேலே தூக்கப்படும். பிள்ளையால் குனிய முடியாது. கால்களுக்கிடையே வழி திறந்துவிடும். மேலே பிடி எவ்வளவு நீளம் என்பது பெரிய காரியமே இல்லை.

இதையெல்லாம் பனித்தளக் கடையில் வைத்துப் பார்த்துச் சொன்னவள் பயிற்சியாளர் பிறின்சி. மன்னார்க் கத்தோலிக்கர் வீட்டுப் பெண். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். லக்‌ஷிகாவைக் குனிய வைத்து, மட்டைகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து மாற்றி, “அன்ரி, ட்வென்ரி வன். இருபத்தொரு அங்குலப் பலகை. பேர்ஃபெக்ற்” என்றாள். அப்பொழுதே வாங்கியிருக்கலாம். அந்த வாரந்தான் தமிழ் விளையாட்டு ஒன்றியத்தின் தலைவர் செல்வரத்தினத்தின் காதில் செய்தி விழுந்தது.

செல்வரத்தினத்துக்கு இல்ஃபோர்டிலும் சவுத்தாலிலும் பலசரக்குக் கடைகள். றூபினியின் கணவர் றஜீவ் அவற்றுக்குச் சரக்கேற்றும் வான் ஓட்டுபவர். “எங்கட பிள்ளை ஐஸ் ஹொக்கியோ! ஹொக்கிப் பொல்லு என்ர உபயம். ஒருத்தரும் வாங்கக்கூடாது” என்று முதலாளி கடை நடுவே நின்று அறிவித்தார். றூபினி கணவர் மூலம் அளவைச் சொல்லி அனுப்பினார்: இருபத்தொன்று. முதலாளி தருவித்தது இருபத்தாறு. வளர்ந்த ஆண்மகன் பிடிப்பது.

ஏன் என்பதற்கு அவரே இரண்டு காரணம் சொன்னார், பெருமையோடு. முதலாவது, வளரும் பிள்ளை. இந்த நோய் நம்மவரிடம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது! விரல்நுனியை மூடும் பள்ளிக் கோட்டு, முனையில் பஞ்சடைத்த சப்பாத்து, பன்னிரண்டு வயதில் தைத்துப் பதினாறு வயதில் சரிவரும் பாவாடை. இல்லாத காலத்தில் அது சிக்கனம். கடைக்குமேல் கடை வைத்திருப்பவர் செய்யும்போது அதற்கு வேறு பெயர் உண்டு. எழுத மனம் கூசுகிறது. இரண்டாவது காரணம் இன்னும் இழிவானது. சிறு பலகையில் கடையின் முழுப் பெயரும் தொலைபேசி எண்ணும் அடங்கவில்லையாம்.

ஒன்றியத்தின் ஆண்டுவிழா ஒரு பள்ளி மண்டபத்தில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். பதிகம் பாடினோம். இறைவனைப் பாடிய மேடையிலேயே அடுத்த நிமிடம் ஒரு மனிதனை இறைவனாக்கும் உரை தொடங்கியது. ‘விளையாட்டுத் துறையின் வள்ளல்’, ‘லண்டனின் கற்பகதரு’. பின்னர் பட்டுச் சால்வை போர்த்து, சந்தனமும் குங்குமமும் இட்டு, மட்டையை ஒரு தட்டில் ஏந்தி வந்தார்கள். தட்டுக்கு இருபுறமும் அது நீண்டு தொங்கியது. சால்வையை நீக்கியபோது பலகை முழுவதும் சிவப்பும் மஞ்சளுமாக எழுத்து: கடைகளின் பெயர், தொலைபேசி எண், எல்லாவற்றுக்கும் கீழே ‘உபயம்’.

லக்‌ஷிகா அதைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மட்டை அவள் தலைக்குமேல் நின்றது.

“கோயில் கொடிமரம் மாதிரிக் கிடக்கு,” என்றார் எனக்குப் பின்னால் இருந்த நகுலேஸ்வரி அக்கா.

“மெல்லக் கதையுங்கோ அக்கா. கொடியேத்திப் போடுவினம்,” என்றார் அவருக்கு அருகில் இருந்தவர்.

றூபினி ஏதோ சொல்ல வாயெடுத்ததைக் கண்டேன். மேடையின் ஓரத்தில் றஜீவ் முதலாளியின் மேற்சட்டையைக் கையில் மடித்துப் பிடித்தபடி நின்றார். அவரைப் பார்த்தார் றூபினி. பின்னர் “நன்றி அண்ணை” என்று மட்டும் சொன்னார். ஊரார் காருக்கெல்லாம் சீட்டு ஒட்டிய கை அன்று கும்பிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பின்வளவில் வாள் இழுக்கும் ஓசை கேட்டது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். பிள்ளையை வெறுங்காலுடன் நிமிர்ந்து நிற்கவைத்து, நாடிக்கு நேரே பென்சிலால் கோடு கீறி, றஜீவ் மட்டையின் மேல்பிடியை அறுத்துக்கொண்டிருந்தார்.

“இருபத்தொண்டு எண்டு சொன்னனானெல்லே?” என்றார் றூபினி.

“சொன்னனான் றூபி. முதலாளி கேக்கேல்ல. இந்தா, நாடி மட்டும் வெட்டினாக் காணும். யூரியூப்பில பாத்தனான்.”

“அது மற்றப் பிள்ளையளுக்கு. இவளுக்குப் பிரச்சினை மேல இல்லையப்பா. கீழ, அந்தப் பலகையில.”

“பலகையில கைவைக்க ஏலுமோ? அதிலதானே அவற்ர பேர் கிடக்கு!”

வாள் பிடியைத் துண்டாக்கிவிட்டது. பலகை வாள் படாமல் இருந்தபடியே இருந்தது. மேலே பாரம் குறைந்ததால் கீழ்ப்பாரம் முன்னிலும் கனத்தது.

அடுத்த பயிற்சியில் நடந்ததை நான் பார்த்திருக்க வேண்டாம். ரயிலில் தொங்கும் பிடியைப் பற்றியவளைப்போல வலக்கையைத் தூக்கி, விறைத்து நின்றாள் அந்தப் பிள்ளை. குனிய முயன்றால் அலகின் முனை பனியைவிட்டு எழுந்தது. கீழால் வட்டு புகுந்தது. நிமிர்ந்தால் கால்களுக்கிடையே புகுந்தது. பிறின்சி விசிலை வாயிலிருந்து எடுத்தாள்.

“அன்ரி, திஸ் இஸ் நொட் ஹேர் ஸ்டிக். அவாவுக்குக் குனியவே ஏலாது. சண்டே செலெக்‌ஷன், யூ நோ? பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட ரீமுக்கு ஒரு கோலிதான் எடுப்பம்.”

“தெரியும் பிறின்சி.”

“இதோட நிண்டா, ஐம் சொறி, என்னால இவாவை எடுக்க ஏலாது.”

அன்றே றூபினி கடைக்குப் போய் இருபத்தொரு அங்குல மட்டையை வாங்கிக் காரின் பின்பெட்டியில் வைத்தார். வீட்டில் கையுறையைக் கழற்றியபோது பிள்ளையின் மணிக்கட்டின் உட்புறம் நீலம் பாரித்திருந்தது. வேலியோரம் நின்ற எனக்கும் அதைக் காட்டினாள். அவள் அழவில்லை, ஆனால் தாயிடம் ஒன்று கேட்டாள்.

“நான் அந்தப் பொல்லைப் பிடிக்காட்டி செல்வரத்தினம் மாமா அப்பாவை வேலையால நிப்பாட்டுவாரோ?”

பத்து வயதுப் பிள்ளையின் வாயில் இந்தக் கேள்வியை வைத்தவர் எவரோ, அவரை நினைக்குந்தோறும் எனக்கு உணவு இறங்குவதில்லை. ஒருவர் மட்டும் வைத்ததாகவும் சொல்ல முடியாது. மண்டபத்தில் கைதட்டிய அத்தனை பேரும் சேர்ந்து வைத்தது.

சனிக்கிழமை முதலாளி றஜீவுக்குத் தொலைபேசி எடுத்தார். தெரிவுக்குத் தாமும் வருவதாகவும், வீடியோக்காரரோடு வருவதாகவும், பிள்ளை தம் மட்டையோடு நிற்க வேண்டுமென்றும் சொன்னார். றஜீவ் மனைவியிடம் மன்றாடினார்.

“ஒருநாள் மட்டும் பிடிக்கட்டும் றூபி.”

“அந்த ஒருநாள்தானப்பா செலெக்‌ஷன்.”

“எனக்கும் தெரியும்.”

முடிவில் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். ஆட்டத்துக்கு முன் உடல் சூடேற்றும் பொழுதில் பெரிய மட்டையைப் பிடிப்பது; படம் எடுத்து முடிந்ததும் மாற்றிவிடுவது.

ஞாயிறு காலை செல்வரத்தினம் நீண்ட கம்பளிக் கோட்டணிந்து வந்தார். கையில் எண்ணெயில் பொரித்த ஒரு பற்றிஸ். எண்ணெய் வழியும் விரலாலேயே தடுப்புக் கண்ணாடியைத் தொட்டுத் தொட்டு வீடியோக்காரருக்குக் கோணம் காட்டினார். அவர் தொட்ட இடமெல்லாம் மங்கியது. பனியில் லக்‌ஷிகா தன்னால் இயன்றவரை குனிந்து வட்டுகளை எதிர்கொள்ளப் பார்த்தாள்.

“பிள்ளை, நிமிந்து நில்லு! குனிஞ்சாப் பேர் தெரியாது!”

பிள்ளை நிமிர்ந்தாள். வட்டு ஒன்று கால்களுக்கிடையே போய் வலையில் விழுந்தது. மறுபக்கத்தில் நின்ற பிள்ளைகள் சிரித்தனர்.

“அண்ணை, கோல் விழுகுது…” என்றார் வீடியோக்காரர்.

“விழட்டும். அதை வெட்டி எறியலாம். நீர் பேரைப் பிடியும்.”

இன்னொன்று விழுந்தது. இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் அந்த மனிதர் மென்றுகொண்டே இருந்தார். ஒரு சிறுமி தோற்பது அவர் கண்ணில் படவேயில்லை. எழுத்து ஒளியில் மின்னுகிறதா என்பதே அவர் கவலை. பணக்காரரின் கொடுமையை நான் கண்டிருக்கிறேன். இந்தக் கொடுமையில் சினம்கூட இல்லை. அதுதான் பெரிய அருவருப்பு.

பிறின்சி விசில் ஊதினாள். தெரிவு ஆட்டம் தொடங்குகிறது.

“அண்ணை, படம் எடுத்தது காணுமே?” என்று கேட்டார் றூபினி.

“இன்னும் கொஞ்சம், தங்கச்சி. மட்ச்சிலையும் எடுத்தாத்தானே வடிவு. இதோடையே நிக்கட்டும். வளருற பிள்ளைதானே, பழகிடுவா.”

றூபினி வெளியே காருக்குப் போனார். சிறிய மட்டையுடன் திரும்பி வந்தார். ஓடவில்லை, தெருவில் வரிசையாக நிற்கும் கார்களைப் பார்த்தபடி நடப்பாரே, அந்த நடை. தடுப்பின் கதவைத் திறந்து, “இஞ்ச வா” என்று மகளை அழைத்து, கையிலிருந்ததை வாங்கிக்கொண்டு மற்றதைக் கொடுத்தார். பிள்ளை ஒருகணம் தகப்பனைப் பார்த்தாள். தகப்பன் நிலத்தைப் பார்த்தார். பின்னர் அவள் வலையை நோக்கிச் சறுக்கிப் போனாள்.

றூபினி பெரிய மட்டையை இரண்டு கையாலும் ஏந்திக் கொண்டுவந்து செல்வரத்தினத்தின் முன் நீட்டினார்.

“தங்கச்சி, என்ன இது? நான் குடுத்த பொல்லெல்லே!”

“ஓம் அண்ணை. நீங்கள் குடுத்தது. திருப்பித் தாறன்.”

“ஆக்கள் பாக்கினம். மரியாதை இல்லாத வேலை பாக்கிறீர்.”

“மரியாதைக்குத்தான் காலமை முழுக்க அவள் நிமிந்து நிண்டவள். இனி அவள் குனியோணும்.”

“வளந்தாப் பிறகு உதவும், வையும்!”

“வளந்தாப் பிறகு அளந்து வாங்குவம் அண்ணை. இதைப் பிடியுங்கோ.”

எண்ணெய்க் கையால் வாங்கியவர் அப்பொழுதுதான் மேல்நுனியைக் கண்டார். அறுத்த இடத்தில் சிம்புகள் நீட்டிக்கொண்டிருந்தன.

“இதை ஆர் வெட்டினது?” குரல் கிறீச்சிட்டது. “என்ர பொல்லை ஆர் வெட்டினது?”

றஜீவ் ஓரடி முன்னே வந்தார்.

“நான்தான் முதலாளி.”

“பேர் எழுதின இடத்தில வாள் படேல்ல அண்ணை,” என்றார் றூபினி. “வடிவாப் பாருங்கோ.”

வீடியோக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது; கருவிக்குப் பின்னால் முகத்தை ஒளித்தார்.

“றஜீவ்! உன்ர மனுசிக்கு நல்ல புத்தி சொல்லு!”

“நேற்றுச் சொன்னனான் முதலாளி. அதாலதான் பிள்ளைக்கு இவ்வளவு கோலும் விழுந்தது. இனிச் சொல்ல மாட்டன்.”

முதலாளி மட்டையோடு வெளியேறினார். கதவில் அது குறுக்கே அகப்பட்டு, அவரை ஒருமுறை பின்னுக்கு இழுத்து, பிறகே விட்டது. பாதி தின்ற பற்றிஸ் இருக்கையில் கிடந்தது. றூபினி அதைத் தாளில் சுற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வந்து அமர்ந்தார்.

பனியில் லக்‌ஷிகா குனிந்து நின்றாள். தோள்கள் சமமாக இருந்தன. முதல் வட்டு உயரப் பறந்து அவள் தோளுக்குமேல் வலைக்குள் போயிற்று. அதில் மட்டைக்குப் பங்கில்லை. அதன் பிறகு வந்தவை அலகில் பட்டுத் தெறித்தன. கால்காப்பில் பட்டு நின்றன. ஒன்றை அவள் வயிற்றால் விழுந்து மூடினாள். றஜீவ் எழுந்து நின்று தமிழில் கத்தத் தொடங்கினார். றூபினி அவர் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினார்.

ஆட்டம் முடிந்ததும் பிறின்சி படியேறி வந்தாள். “அன்ரி, ஷீஸ் இன். வியாழக்கிழமை பிறக்ரிஸ். அந்தப் பெரிய பொல்லு எங்க?”

“போயிட்டுது,” என்றார் றூபினி.

மறுநாள் ஒன்றியத்தின் வாட்சப் குழுவில் படம் வந்தது. கோல் விழுந்த இடமெல்லாம் வெட்டியெறிந்து, விறைத்து நிற்கும் பிள்ளையும் ஒளிரும் எழுத்தும் மட்டும் மிஞ்சிய படம். அதன் கீழே கைதட்டும் பொம்மைகள் வரிசை வரிசையாக. ‘வள்ளலே வாழ்க’ என்று சிலர். ஞாயிற்றுக்கிழமை அங்கே இருந்து எல்லாவற்றையும் கண்ணால் கண்டவர்களும் அவர்களுள் அடக்கம். தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கை கழுவினேன். அடுத்த கூட்டத்தில் ‘மூத்தோரை மதியாத பெண்’ என்று பெயர் சொல்லாமல் ஒரு கண்டனம் நிறைவேறிற்று. றஜீவை விடியுமுன் சவுத்தாலுக்குப் போகும் வானுக்கு மாற்றினார்கள். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் அந்த வேலையை விட்டு, இப்பொழுது பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் சிற்றூர்தி ஓட்டுகிறார்.

றூபினி எவரிடமும் எதையும் விளக்கவில்லை. தெருவில் செல்வரத்தினத்தைக் கண்டால் “சுகமோ அண்ணை” என்று கேட்கிறார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். றூபினி தம் வழியே போகிறார். வாங்க மறுத்தவரிடம் பகை இல்லை. கொடுத்தேன் என்றவரிடம் அது நிரம்பிக் கிடக்கிறது. இந்தச் சமூகத்தின்மேல் எனக்கு உண்டான வெறுப்பு இன்னும் ஆறவில்லை. அந்த ஒரு வாசலைக் கடக்கும்போது மட்டும் சற்றே தணிகிறது.

ஆலமுண்டு உலகைக் காத்த அண்ணல் அந்த வீட்டைக் காப்பானாக. றஜீவின் கைக்கு நேரிய உழைப்பு குறையாதிருப்பதாக. லக்‌ஷிகாவின் எலும்பும் நெஞ்சும் தத்தம் கதியில் வளர்வதாக. எவர் அவசரத்துக்கும் அவை நீளாதிருப்பதாக. மழையிலும் பனியிலும் தெரு அளக்கும் றூபினியின் பாதங்கள் நோவாதிருப்பதாக. அவர்கள் அடுப்பு அணையாமல், விளக்கு மங்காமல், வேண்டியது வேண்டிய அளவில் வந்து, அம்மையப்பன் அருளால் அந்த மனை நீடு வாழ்க.